காய்ந்த மரம் என்று சொல்லிப் பச்சை மரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள்

குறைந்த செலவில் நாலு டிராயர் வைத்த அலமாரி ஒன்றை வீட்டிலேயே செய்யலாம் என்று இறங்கினேன். செய்தும் முடித்தேன். ஆறாவது வாரம் இரண்டு டிராயர்கள் பாதியிலேயே சிக்கி நின்றுவிட்டன. மேல்பலகை நீளவாக்கில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. கையில் இருந்த பணம் மொத்தமும் அதில்தான் போயிருந்தது.

மரம் விற்றவர், "எட்டு மாசம் காய்ந்த மரம், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார். நான் கேட்காமலேயே ஈரப்பத மீட்டரை எடுத்து ஒரு பலகையில் வைத்தும் காட்டினார். 11 சதவீதம். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு 8 முதல் 12 வரை இருந்தால் சரி என்று படித்திருந்ததால் உடனே பணம் கொடுத்துவிட்டேன். ஆனால் வண்டியில் ஏற்றியது பின்பக்கம் இருந்த வேறு அடுக்கு. ஒரே சரக்குதான் என்றார், நம்பினேன்.

அறுக்கும்போதே மரம் சொல்லியது. காய்ந்த மரத்தின் தூள் பறக்கும். இது ஈர மாவு மாதிரி ரம்பப் பல்லில் அப்பிக்கொண்டது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

டிராயர் ஏன் சிக்கியது என்று பிரித்துப் பார்த்தேன். டிராயர் உள்ளே வெளியே ஓடுவதற்காகப் பக்கவாட்டில் மாட்டும் உலோகத் தடமான பால் பேரிங் சேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம் இடைவெளி வேண்டும். மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு. அகலவாக்கில்தான் சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. அதனால் பலகை வளைந்துகொள்ளும். என் அலமாரியின் பக்கப் பலகை நடுவில் 3 மி.மீ. உள்பக்கமாக உப்பியிருந்தது. அப்புறம் சேனல் எப்படி ஓடும்?

பிளாஸ்டிக் தாளில் சுற்றியபடியே மிச்சப் பலகை ஒன்று கிடந்தது. அதன் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி நிறுத்தேன்: 412 கிராம். ஓவனில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில், இனி எடை குறையாது என்னும் வரை காயவைத்த பிறகு 338 கிராம். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறக்குறைய 22 சதவீதம். அவர் காட்டியதைப்போல இரண்டு மடங்கு.

கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். "மரம்னா வளையத்தான் செய்யும்" என்று முடித்துவிட்டார். ரசீதில் 'பலகை' என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை.

தயவுசெய்து நீங்கள் இப்படி மாட்டிக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு ஏற்றும் பலகையிலேயே மீட்டரை வைக்கச் சொல்லுங்கள், அதுவும் ஓரத்தில் வேண்டாம், புதிதாக அறுத்த நடுப்பகுதியில். வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும். ஈரப்பத அளவை ரசீதில் எழுதித் தராவிட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள். பணம் இறுக்கமாக இருந்தால், அலமாரியின் வெளிக்கூடு முழுவதையும் நல்ல பிளைவுட்டில் செய்துவிட்டு, டிராயர் முகப்புக்கு மட்டும் மரம் போடுங்கள். பிளைவுட் இந்த அளவுக்குச் சுருங்காது. முதலிலேயே நான் அப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

இப்போது பலகைகளைக் கழற்றி, இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கியிருக்கிறேன். வாரம் ஒருமுறை ஒரு பலகையை நிறுத்து, எடையை அதன் மேலேயே சாக்பீஸால் எழுதி வருகிறேன். இன்னும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.