தைராய்டு மாத்திரை: காலை வெறும் வயிற்றிலா, இரவு படுக்கும் முன்பா?

தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குத் தரும் லீவோதைராக்சின் மாத்திரையைக் காலையில்தான் விழுங்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. வெறும் வயிற்றில் என்பதுதான் விதி. வயிறு காலியாக இருந்தாலே மருந்தில் 60 முதல் 80 விழுக்காடு வரைதான் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. இட்லியோ காபியோ சேர்ந்தால் அது இன்னும் குறையும். குறைவதுகூடப் பரவாயில்லை, டோஸைக் கூட்டிச் சரிக்கட்டலாம். இன்று ஒரு அளவு, நாளை ஒரு அளவு என்று மாறுவதுதான் தொல்லை. டிஎஸ்எச் (உடலில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் ரத்த அளவு) ஏறி இறங்கும் பலருக்கு மாத்திரையில் குறை இருப்பதில்லை, நேரத்தில்தான் இருக்கிறது.

காலை

எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரோடு மாத்திரை, அதன்பின் ஒரு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. அரை மணி போதும் என்றும் சொல்வார்கள். ஒரு மணிதான் நம்பகமானது. கேட்க எளிது. இடறுவது காபியில். ‘சாப்பிடவில்லையே, காபி மட்டும்தானே’ என்கிற கணக்கு தப்பு. பால் விடாத கடுங்காபியே உறிஞ்சுதலைக் குறைக்கும். பால் சேர்ந்தால் அதிலுள்ள கால்சியம் வேறு.

காபியைத் தள்ளிப்போட முடியாதவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. மாத்திரையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, விடிகாலை நாலு மணிக்குப் பாத்ரூம் போக எழும்போது விழுங்கிவிட்டு மறுபடி படுத்துவிடலாம். 6 மணிக் காபிக்கு இடைஞ்சலே இல்லை.

காலையில் போடுவதன் பெரிய வசதி, மறந்தால் திருத்திக்கொள்ளலாம் என்பது. பகலில் நினைவு வந்தால் அன்றிரவே வயிறு காலியானதும் போட்டுக்கொள்ளலாம்.

இரவு

இங்கே விதி, கடைசியாகச் சாப்பிட்டு 3 முதல் 4 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். 2010இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் 90 பேருக்கு மூன்று மாதம் காலையிலும் மூன்று மாதம் இரவிலும் கொடுத்துப் பார்த்தார்கள். இரவு போட்டபோது டிஎஸ்எச் சராசரியாக 1.25 குறைந்தது, அதாவது மருந்து கூடுதலாகச் சேர்ந்தது. ஆனால் 2009இல் வந்த அமெரிக்க ஆய்வில் முடிவு தலைகீழ்: காலை வெறும் வயிற்றில் சராசரி டிஎஸ்எச் 1.06, இரவில் 2.19, காலை உணவோடு சேர்த்துப் போட்டால் 2.93.

இரண்டும் முரண்போலத் தெரிந்தாலும், வயிற்றை வைத்துப் பார்த்தால் புரியும். நெதர்லாந்து ஆய்வில் காலை மாத்திரைக்கும் உணவுக்கும் இடையே அரை மணிதான். அந்த நாட்டில் இரவுச் சாப்பாடு மாலை 6 மணி சுமாருக்கே முடிந்துவிடுவது வழக்கம். 10 மணிக்கு வயிறு சுத்தமாகக் காலி. நம் ஊரில் ஒன்பதரைக்குத் தோசை, பத்தரைக்குப் படுக்கை, நடுவில் ஒரு டம்ளர் பால் என்றிருக்கும் வீட்டுக்கு அந்த முடிவைக் கொண்டுவந்து பொருத்த முடியாது.

தூக்கம் கெடும் என்ற பயம் வேண்டாம். இந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். ஒரு மாத்திரை அன்றிரவே படபடப்பைக் கொண்டுவராது. படபடப்பு இருந்தால் டோஸ் அதிகமா என்று பார்க்க வேண்டும்.

இரண்டிலும் கெடுப்பவை

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் ஆன்டாசிட் திரவமும் லீவோதைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். 4 மணி நேர இடைவெளி கட்டாயம். கால்சியத்தை இரவில் போடுகிறவர் தைராய்டு மாத்திரையையும் இரவுக்கு மாற்றினால் இரண்டும் மோதும். அப்போது கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும்.

பான்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரை வேறு ரகம். அது மருந்தைப் பிடித்துவைப்பதில்லை. மாத்திரை கரையத் தேவையான அமிலத்தையே நாள் முழுக்கக் குறைத்துவிடுகிறது. நேரத்தை மாற்றிப் பயனில்லை. தொடர்ந்து எடுப்பதானால் டிஎஸ்எச் பார்த்து டாக்டர்தான் டோஸை மாற்ற வேண்டும்.

யாருக்கு எது?

ஏழரைக்குச் சாப்பிட்டு 11 மணிக்குப் படுப்பவருக்கு, இடையில் எதையும் கொறிக்காதவருக்கு, இரவு நன்றாகவே ஒத்துவரும். காலையில் குழந்தைகளைக் கிளப்பும் அவசரத்தில் மாத்திரையை மறப்பவருக்கும்தான். மற்றவர்களுக்குக் காலையே மேல். ரமலான் நோன்பு இருப்பவர்கள் சஹருக்கு ஒரு மணி முன்பு எழ முடிந்தால் அப்போது போடலாம். இல்லையென்றால் நோன்பு திறந்து சாப்பிட்டு 3, 4 மணி கழித்து.

ஏழு நாள் டோஸை வாரம் ஒருநாள் சேர்த்து விழுங்குவது, தினமும் போட முடியாதவர்களுக்கு டாக்டர் பார்வையில் மட்டும் செய்வது. இதய நோய் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மாறும்போது

டாக்டரிடம் சொல்லிவிட்டு, இன்று காலை போட்டவர் நாளைக் காலையை விட்டு நாளை இரவு தொடங்கலாம். அரை நாள் தள்ளிப்போவதால் கெடுதலில்லை. 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் சோதனை. காலையில் மாத்திரை போடுகிறவர்கள் அன்று ரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவு) கூடுதலாகக் காட்டும். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுபவர்கள், அது சோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், அதைக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு லேபுக்குப் போகவும்.