யூத மதத்துக்கு மாற மூன்று வாசல்கள்: எதில் தட்டுவது?

அமெரிக்காவில் யூத மதத்துக்கு மாற விரும்புகிறவர் பெரும்பாலும் கட்டுப்பாடு மிகுந்த ஆர்த்தடாக்ஸ், நடுவழியான கன்சர்வேட்டிவ், தளர்வான ரிஃபார்ம் என்ற மூன்று பிரிவுகளில் ஒன்றில்தான் போய் நிற்பார். எது சுலபம் என்று விசாரிப்பதைவிட, நாளைக்கு நம்மை யூதராக யார் ஏற்க வேண்டும் என்று யோசிப்பது நல்லது. ஆர்த்தடாக்ஸ் முறையில் மாறியவரை மற்ற இரு பிரிவினரும் ஏற்பார்கள். ரிஃபார்மில் மாறியவர் மிக்வே என்னும் சடங்குக் குளத்தில் முழுகியிருந்தால், ஆணாக இருந்தால் விருத்தசேதனமும் முடிந்திருந்தால், கன்சர்வேட்டிவ் தரப்பு பொதுவாக ஏற்கும். ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் மாற்றங்கள் இரண்டையுமே ஆர்த்தடாக்ஸ் ஏற்பதில்லை.

ரிஃபார்ம் வழியில் நான்கைந்து மாத அறிமுக வகுப்பு, ஒரு ரப்பியின் (யூத மதகுரு) வழிகாட்டல், பண்டிகைகளின் ஒரு முழுச் சுற்று என்று ஏறக்குறைய ஓராண்டு ஆகும். மிக்வேயும் விருத்தசேதனமும் கட்டாயமில்லை என்று அமெரிக்க ரிஃபார்ம் ரப்பிகள் 1893-லேயே தீர்மானித்தார்கள். ஆனாலும் இன்று பல ரப்பிகள் இரண்டையும் வலியுறுத்துகிறார்கள். விருப்பம்தானே என்று விட்டுவிட வேண்டாம், கட்டாயம் செய்துகொள்ளுங்கள். பின்னால் கன்சர்வேட்டிவ் பக்கம் போக நேர்ந்தால் கைகொடுக்கும்.

கன்சர்வேட்டிவிலும் கிட்டத்தட்ட அதே காலம்தான். ஆனால் மூவர் அமரும் பெத் தின் என்னும் மத நீதிமன்றம், மிக்வே, ஆண்களுக்கு விருத்தசேதனம் எல்லாம் கட்டாயம். ஏற்கெனவே விருத்தசேதனம் ஆனவருக்கு ஒரு துளி ரத்தம் எடுத்தால் போதும். வீடு தொலைவில் இருந்தால், சனிக்கிழமை ஓய்வு நாளான சபாத் அன்று ஜெப ஆலயத்துக்குக் காரில் வரலாம் என்று 1950-ல் இப்பிரிவு அனுமதித்தது.

ஆர்த்தடாக்ஸில் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். சபாத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் ஜெப ஆலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு வேண்டும். புத்தகம் வாங்குவதற்கு முன் வாடகை வீடு பாருங்கள். அந்த வட்டாரங்களில் வாடகை சில சமயம் கழுத்தை நெரிக்கும். ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் ஆகலாம். ரப்பி முதலில் திருப்பி அனுப்பினாலும் மனம் தளர வேண்டாம், அது பழைய வழக்கம்.

அடுத்தது சமையலறை. இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம், இறைச்சி சாப்பிட்டபின் பால் பொருளுக்குப் பொதுவாக 6 மணி நேர இடைவெளி. உலோகப் பாத்திரத்தை 24 மணி நேரம் பயன்படுத்தாமல் வைத்துக் கொதிநீரில் சுத்திகரித்துவிடலாம். பீங்கான் தட்டுகளுக்கு அந்த வழி கிடையாது. அதனால் விலையுயர்ந்த பீங்கான் செட்டை மாற்றத்துக்கு முன் வாங்கிவைப்பது வீண் செலவு.

வேடிக்கையான விதி ஒன்றும் உண்டு: யூதர் ஆகாதவர் சபாத்தை முழுமையாக அனுசரிக்கக் கூடாது. அதனால் பயிற்சியில் இருப்பவர் அந்த நாளில் ஒரு விளக்கையாவது போட்டு அணைப்பார்.

கோஹன் எனப்படும் குருவம்ச ஆணை மணக்க விரும்பும் பெண் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மாறிய பெண்ணை கோஹன் மணக்க ஆர்த்தடாக்ஸ் சட்டம் இடம் கொடுக்காது. இரண்டு ஆண்டு உழைத்தபின் இது தெரியவந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மிக்வே நாளன்று மோதிரம், கான்டாக்ட் லென்ஸ், நகப்பூச்சு, பேண்ட் எய்டு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒரு முடி நீருக்கு மேல் மிதந்தாலும் அந்த முழுக்கு கணக்கில் வராது. விருத்தசேதனப் புண் நன்றாக ஆறியபிறகே தேதி குறிப்பார்கள்.

இஸ்ரேலில் குடியேறும் எண்ணம் இருந்தால் கணக்கு சற்று மாறும். குடியுரிமைக்கு 'திரும்புதல் சட்டம்' மூன்று வழியையும் ஏற்கிறது. இஸ்ரேலுக்குள்ளேயே நடந்த ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் மாற்றங்களும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. திருமணமோ தலைமை ரப்பினேட் என்னும் அரசு மத அமைப்பின் கையில் இருக்கிறது. அங்கே ஆர்த்தடாக்ஸ் மாற்றம் மட்டுமே செல்லும், அதுவும் அவர்கள் அங்கீகரித்த பெத் தின் செய்ததாக இருக்க வேண்டும். எனவே வகுப்பில் சேரும் முன்பே, சான்றிதழில் கையெழுத்திடப்போகும் பெத் தின் அவர்கள் அங்கீகரித்ததுதானா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.