மும்மதத் தினசரி காலண்டர் 2026: எந்தப் பகுதியை எவ்வளவு நம்பலாம்?

சிவகாசியில் அச்சாகி, நகைக்கடை முதல் மளிகைக்கடை வரை பெயர் போட்டுக் கொடுக்கும் தாள் கிழிக்கும் காலண்டரில் திதி, ஹிஜ்ரி (இஸ்லாமிய) தேதி, கிறிஸ்தவத் திருநாள் மூன்றும் ஒரே தாளில் இருக்கும். வீட்டில் மாட்டத் தகுந்த பொருள்தான். ஆனால் மூன்று பகுதிகளுக்கும் மூன்று விதமான கணக்கு என்பதால், மூன்றையும் ஒரே மாதிரி நம்பக் கூடாது.

திதி, நட்சத்திரப் பகுதிதான் இதன் பலம். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்பதை முதலில் பாருங்கள். வாக்கியம் பழைய சூத்திரப்படி, திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்குப்படி. திதி முடிவு சில மணி நேரம்கூட முன்பின்னாக வரும். சனிப்பெயர்ச்சியில் வித்தியாசம் இன்னும் பெரிது: திருக்கணிதத்தில் 2025 மார்ச் 29, வாக்கியத்தில் 2026 மார்ச் 6. திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுகிறது. உங்கள் கோயில் எதைப் பார்க்கிறதோ அதையே வாங்குங்கள். இரண்டில் எது என்று எங்குமே அச்சிடாத காலண்டர் விரதம் பார்க்கும் வீட்டுக்கு உதவாது.

நாழிகையில் போட்டிருந்தால் கவனம் தேவை. ‘சதுர்த்தி 32.15’ என்பது கடிகார மணி அல்ல. சூரிய உதயத்திலிருந்து 32 நாழிகை 15 விநாடி. ஒரு நாழிகை 24 நிமிடம், இங்கே ஒரு விநாடி 24 நொடி என்பதால் 12 மணி 54 நிமிடம் ஆகும். உதயம் 6.05 என்றால் மாலை 6.59 வரை சதுர்த்தி. அது உலகம் முழுவதற்கும் ஒரே கணம்; லண்டனில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்துப் பகல் 1.29 என்று கொள்ளலாம். ராகுகாலம் அப்படியல்ல. அது அந்தந்த ஊரின் பகற்பொழுதை எட்டாகப் பிரிப்பது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை என்று வைத்து அச்சிட்ட ஒன்றரை மணி நேரம் லண்டன் டிசம்பருக்குப் பொருந்தாது.

ஹிஜ்ரி தேதியை உத்தேசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கில் புது மாதிரி ஆல்பம் வெளியாகி, ஆண்டு பிறக்கும் முன்பே தாள்கள் அச்சாகிவிடுகின்றன. ஆனால் மாதம் 29 நாளா 30 நாளா என்பதைப் பிறைதான் முடிவு செய்யும். தமிழ்நாட்டில் தலைமை காஜியின் அறிவிப்பே கணக்கு. ரம்ஜான் முந்தின இரவில்தான் உறுதியாகும். பக்ரீத் துல்ஹஜ் மாதத்தின் 10-ஆம் நாள் என்பதால் ஏறக்குறைய பத்து நாள் முன்பே தெரிந்துவிடும். பயணச் சீட்டு மாற்ற அவகாசம் உண்டு. இன்னொன்று: இஸ்லாமிய நாள் மாலையில் தொடங்குகிறது, காலண்டரோ பகலுக்குரிய எண்ணைப் போடுகிறது. ரமலான் 27-ஆம் இரவு என்பது 26 என்று அச்சிட்ட தாளின் அன்றைய இரவு. இதைக் கவனிக்காதவர்கள் ஒரு நாள் பிந்திவிடுகிறார்கள்.

கிறிஸ்தவப் பகுதியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம் ஆகஸ்ட் 29, திருவிழா செப்டம்பர் 8, கல்லறைத் திருநாள் நவம்பர் 2 போன்ற மாறாத நாள்களில் சிக்கல் இல்லை. ஈஸ்டரைச் சார்ந்து நகரும் நாள்களைத்தான் சோதிக்க வேண்டும். 2026-இல் ஈஸ்டர் ஏப்ரல் 5. அதற்கு 46 நாள் முன்னே, பிப்ரவரி 18, சாம்பல் புதன். தவக்காலத்தின் 40 நாளில் ஞாயிறுகள் சேராததால் 46. இயேசுவின் விண்ணேற்பு மரபுப்படி மே 14: ஈஸ்டரையே முதல் நாளாக எண்ணினால் நாற்பதாவது நாள். மறுநாளிலிருந்து எண்ணினால் மே 15 என்று தப்பாக வரும். கீழைச் (ஆர்த்தடாக்ஸ்) சபைகளில் பல, ஏப்ரல் 12-இல் ஈஸ்டர் கொண்டாடுகின்றன. தாளில் இந்தத் தேதியும் இருந்தால் தொகுத்தவர் அக்கறை உள்ளவர்.

பௌத்தம், சமணம், சீக்கியம் மூன்றும் பெரும்பாலும் விடுமுறைப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன; இது வருத்தமான குறை. தீபாவளி தமிழ்ச் சமணருக்கு மகாவீரர் நிர்வாண நாள் என்று ஒரு வரி சேர்க்கத் தாளில் இடமா இல்லை? புத்த பூர்ணிமா இந்தியாவில் மே 1, சிங்கப்பூரில் விசாகம் மே 31. 2026 மே மாதத்தில் இரண்டு பௌர்ணமி வருவதே காரணம். அங்கே உறவினர் இருந்தால் பென்சிலில் குறித்துவையுங்கள்.

கடையில் பிப்ரவரி 18, ஏப்ரல் 5, மே 14 ஆகிய மூன்று தாள்களைப் புரட்டிப் பாருங்கள். மூன்றும் சரியென்றால் வாங்கலாம்.