ஃபாஸ்ட் என்று கேட்டேன், சீக்கிரம் என்றார்கள்: ஆறு வருடக் கிரேக்க மொழிபெயர்ப்பு அனுபவம்

ஏதென்ஸுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டி ஒரு கப்பல் நிர்வாக அலுவலகத்தில் வேலை. உள்ளே ஆங்கிலமே போதும். அதனால் என் கிரேக்கம் முழுக்க வெளியில் பொறுக்கியதுதான்: பெட்டிக்கடை, மருந்துக்கடை, வாரச் சந்தை, வீட்டுக்கார அம்மா. இத்தனை நாளும் கைபேசியில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி, கணினியில் இரண்டு அகராதி என்று வண்டி ஓடியிருக்கிறது. பெரிய வார்த்தைகள் என்னைக் கவிழ்த்ததே இல்லை. 'இன்சூரன்ஸ்' என்று தட்டினால் சரியாகத்தான் வரும். கவிழ்த்ததெல்லாம் டைம், சேஞ்ச், லைட், லீவ் மாதிரி நாம் தூக்கத்தில்கூடச் சொல்லும் சில்லறைச் சொற்கள்.

முதல் வருடம் சர்க்கரை அளவு பார்க்க, வீட்டருகே இருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். நம் ஊர் லேப் பழக்கத்தில், வரிசையில் நின்றபடியே 'ஃபாஸ்ட் ஆர் நாட்' என்று தட்டினேன். 'க்ரிகொரா இ ஓஹி' என்று வந்தது. திரையை அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அவர் சிரித்து, 'க்ரிகொரா, க்ரிகொரா' என்று தலையாட்டி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டேன். சர்க்கரை போட்ட காபி குடித்து அதற்கு மேலேயே ஆகியிருந்தது, சரி என்று கையை நீட்டிவிட்டேன். 'க்ரிகொரா' என்றால் வேகமாக. சீக்கிரம் முடியுமா என்று நான் கேட்டதாக நினைத்து, இரண்டே நிமிடம் என்றிருக்கிறார் அவர். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் மாத்திரையைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகுதான் காபி கதை வெளியே வந்தது.

இதில் கடுப்பு என்னவென்றால், நான் கவனமாகத்தான் இருந்தேன். வந்த கிரேக்கத்தைத் திருப்பி ஆங்கிலத்தில் போட்டுச் சரிபார்த்தேன். 'ஃபாஸ்ட் ஆர் நாட்' என்றே வந்தது. வராமல் என்ன செய்யும்? விரதமும் வேகமும் ஆங்கிலத்தில் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. எந்தச் சொல் என்னை ஏமாற்றியதோ, அதே சொல்லிடம் போய்ச் சாட்சி கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைத் திருப்பித் தமிழில் போட்டுப் பார்த்திருந்தால் 'வேகமாக' என்று வந்து காட்டிக்கொடுத்திருக்கும். அன்று முதல் என் வழக்கம் இதுதான்: எந்த மொழியில் தட்டினாலும், சரிபார்ப்பது தமிழில். எனக்கு வேண்டியிருந்த சொல் 'நிஸ்திக்கோஸ்', வெறும் வயிற்றோடு இருப்பவன். அதன் உறவுக்காரச் சொல்லைப் பிறகு எல்லாக் கடைகளிலும் பார்த்தேன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பில் இறைச்சி, பால், முட்டை சேராத பண்டங்களுக்கு 'நிஸ்தீசிமோ' என்று எழுதி வைத்திருப்பார்கள். சைவம் சாப்பிடும் நம் ஆட்களுக்கு அந்தச் சீட்டு ஒரு வரம். நண்டு, இறால், கணவாய் அவர்களுக்கு நோன்புச் சாப்பாடுதான் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

அகராதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலிருந்து போவதற்கு வேர்டுரெஃபரன்ஸ் எனக்கு நன்றாக உழைத்திருக்கிறது. ஒரு சொல்லின் ஒவ்வொரு அர்த்தத்தையும் தனி வரியாகப் பிரித்து, பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் போடுவார்கள். மேலே இருக்கும் முதல் வரியை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது, கீழே வரை இறங்க வேண்டும். எனக்கு வேண்டிய அர்த்தம் பாதி நேரம் நான்காவது ஐந்தாவது வரியில்தான் இருந்தது. அடுத்தது, தெசலோனிக்கி அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்தின் த்ரியந்தஃபிலீதிஸ் அகராதி. 1998இல் வந்தது, இணையத்தில் இலவசம். முழுக்கக் கிரேக்கத்திலேயே விளக்கம், அதனால் முதல் இரண்டு வருடம் எனக்குப் பயன்படவில்லை. இப்போது அதைத் திறக்காத நாள் குறைவு. இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. வந்த கிரேக்கச் சொல்லைப் படத் தேடலில் போடுங்கள். சுவரில் அடிக்கும் ஆணிக்காக 'நெயில்' என்று தட்டி வந்த 'நீஹி'யைப் போட்டேன். திரை முழுக்க நகப்பூச்சு. ஆணிக்கு 'கர்ஃபீ' என்று கேட்க வேண்டும். ஒரு கடைக்காரர் முன் அசடு வழியாமல் தப்பித்தேன்.

சேஞ்ச் என்பதற்குப் பெட்டிக்கடையில் மூன்று சொல் வேண்டும். மீதிச் சில்லறை 'ரெஸ்தா', கையில் இருக்கும் காசுச் சில்லறை 'ப்சிலா', மாற்றம் 'அலயீ'. செயலி கொடுப்பது பெரும்பாலும் கடைசியை. மாற்றம் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டால் அவர் அரசியல் பேச ஆரம்பித்துவிடுவார், அங்கே அதற்கு ஆள் குறைவில்லை. லைட்டும் இப்படித்தான். விளக்கு வெளிச்சம் 'ஃபோஸ்', எடை குறைவு 'எலஃப்ரீ', வெளிர் நிறம் 'அனிஹ்தோ', சிகரெட்டுக்குக் கேட்பது 'ஃபொத்யா', அதாவது நெருப்பு. 'நெருப்பு இருக்கா' என்று நாமும் கேட்போமே, அதேதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஆங்கிலம் நடுவில் நின்று குழப்புகிற பல இடங்களில் தமிழும் கிரேக்கமும் நேருக்கு நேர் கைகுலுக்கிக்கொள்கின்றன. 'ஹேரி' என்றால் தோளிலிருந்து விரல் வரை எல்லாம் கை. 'போதி' என்றால் தொடையிலிருந்து பாதம் வரை கால். 'தாஹ்திலோ' கைவிரலுக்கும் கால்விரலுக்கும் ஒன்றே. அவர்களும் கனவைக் காண்கிறார்கள், பேச்சில் சிகரெட்டைக் குடிக்கிறார்கள். டைம் என்பதை உடைத்துப் பாருங்கள்: எத்தனை மணி என்பதற்கு 'ஓரா', மூன்று தடவை என்பதற்கு 'ஃபொரா', ரொம்பக் காலமாச்சு என்பதற்கு 'கெரோஸ்'. தமிழில் யோசித்துவிட்டுப் போனால் பெட்டி தானாகத் திறக்கிறது. ரைட் இன்னும் அழகு. வலப்பக்கம் 'தெக்ஸியா', உரிமை 'திக்கேயோமா', ஆனால் 'யூ ஆர் ரைட்' என்பதற்கு 'எஹிஸ் தீக்கியோ'. உன் பக்கம் நியாயம் இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவிடம் வாடகை ரசீது விஷயமாக இதைச் சொன்ன அன்று எனக்கு டீயோடு பிஸ்கட்டும் கிடைத்தது.

அதே அம்மாவிடம்தான் இன்னொன்றில் மாட்டினேன். 'நீங்கள் எப்போது வருவீர்கள்' என்று முழுத் தமிழில் தட்டி, வந்ததை அப்படியே அனுப்பினேன். போனது 'போதே தா எர்திஸ்', அதாவது 'நீ எப்போ வருவே'. கிரேக்கத்திலும் 'எஸீ' என்றால் நீ, 'எஸீஸ்' என்றால் நீங்கள், நம் கணக்கேதான். மரியாதையாக 'எர்தெதே' என்று முடிந்திருக்க வேண்டும். இடையில் ஆங்கிலப் பாலத்தில் ஏறியபோது மரியாதை ஆற்றில் விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். எழுபத்தெட்டு வயது அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, 'வரேண்டா பையா' என்ற தொனியில் பதில் போட்டார். இப்போது பெரியவர்களுக்கு அனுப்பும் எதிலும் வினைச்சொல்லின் வாலை மட்டும் நானே மாற்றிவிடுகிறேன்.

ஆக, செயலியைத் தூக்கிப் போட்டுவிட்டேனா என்றால் இல்லை. மருந்து அட்டை, மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம் என்று படிப்பதற்கெல்லாம் அதுதான் கை. முழு வாக்கியமாகக் கொடுத்தால் முன்னைவிட இப்போது எவ்வளவோ தேவலை. ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால்தான் இன்னும் சீட்டுக் குலுக்கிப் போடுகிறது.

தமிழும் காப்பாற்றாத இடம் உண்டு. லீவ் என்பதை 'ஃபெவ்கோ' புறப்படுவது, 'அஃபீனோ' விட்டுவிட்டுப் போவது, 'ஆதியா' விடுப்பு என்று சரியாகவே பிரித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். போன கோடையில் கிரேக்கத்தில் கேட்டுப் பார்ப்போமே என்று கணக்குப் பிரிவு அம்மையாரிடம் போய், 'ஆத்யா வேண்டும்' என்றேன். அவர் என் கையிலிருந்த காபிக் கோப்பையை எட்டிப் பார்த்தார். ஆ-தி-யா என்று மூன்று அசையாகச் சொன்னால் விடுப்பு, ஆத்-யா என்று இரண்டாக மடக்கினால் காலி. எழுத்தில் இரண்டும் ஒன்றே, செயலியில் பார்த்துப் பார்த்து எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. 'மூன்று அசைக்கு எத்தனை நாள்?' என்று கேட்டார். பத்து நாள் கிடைத்தது.