வெள்ளவத்தை எவிடென்ஸ் கிளாஸ்: அந்த ஒரு ஞாயிறுக்காகவே போகலாம்

லோ கொலிஜ் சோதினைக்கு தமிழ் மீடியத்தில எவிடென்ஸ், அதாவது சாட்சியச் சட்டம், படிக்க ஆள் தேடுறவங்களுக்காக எழுதுறன். காலி வீதியிலருந்து கடற்பக்கம் இறங்குற ஒரு ஒழுங்கைல மேல்மாடில நடக்குது, ஞாயிறு காலமை, சேர் புதுக்கடைக் கோட்டில கிரிமினல் வழக்குத்தான் பேசுறவர். மாசம் 3500 ரூபா. நான் மூண்டு மாசமாப் போறன்.

மற்றதெல்லாம் பாடமாக்கி எழுதிடலாம், ஆனா ஒருத்தன் முந்திச் செஞ்ச குற்றத்தை இப்ப நடக்கிற வழக்கில சாட்சியமா விடலாமா எண்டது எனக்கு ரெண்டு வருசமா விளங்கவே இல்ல. எங்கட சாட்சியச் சட்டத்தில 54ம் பிரிவு கெட்ட நடத்தை சம்பந்தமில்ல எண்டுது, 15ம் பிரிவு அதே மாதிரி நடந்த மற்றச் சம்பவங்களைக் கொண்டுவா எண்டுது, எதைப் பிடிக்கிறது?

ஒரு ஞாயிறு சேர் வைட்போட்ல மூண்டு குளியல் தொட்டி கீறினார். 1912, 1913, 1914 எண்டு ஒவ்வொண்டுக்கும் கீழ எழுதினார். இங்கிலாந்தில ஜோர்ஜ் ஜோசப் ஸ்மித் எண்டவன்ட மூண்டு மனுசிமாரும் கல்யாணம் கட்டின பிறகு தொட்டில மூழ்கிச் செத்தவை, ஆனா 1915ல விசாரணை நடந்தது முதலாவது மனுசியின்ட கொலைக்கு மட்டும். கடைசி ரெண்டையும் கையாலயே அழிச்சுப்போட்டு "இப்ப சொல்லுங்கோ, இது விபத்தா கொலையா?" எண்டு கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. திரும்ப ரெண்டையும் கீறினார், அவ்வளவுதான், முழு வகுப்புக்கும் விளங்கிட்டுது. அவன் கெட்டவன் எண்டு காட்ட இல்ல, தற்செயலா நடந்தது எண்ட கதையை உடைக்கத்தான் மற்ற ரெண்டும் உள்ள வருது. எங்கட 1895ம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில 15ம் பிரிவின்ட உதாரணமும் இதே மாதிரித்தான், வீட்டை இன்சூர் பண்ணுவான், நெருப்புப் பிடிக்கும், காசு எடுப்பான், அடுத்த வீட்டுக்குப் போவான்.

எனக்கு இது வெறும் மார்க்ஸ் விசயம் இல்ல. எங்கட ஒழுங்கைல ஒரு மோட்டார்சைக்கிள் களவு போனபோது, பழைய கேஸ் ஒண்டு இருந்த பெடியன்தான் எடுத்தவன் எண்டு எல்லாரும் முடிவு கட்டிட்டம், நானும் சேர்த்துத்தான், பிறகு பக்கத்து வீட்டுக் கமராவில பாத்தா வேற ஆள். அந்தப் பெடியன்ட அம்மா அந்த ரெண்டு நாளும் வாசலுக்கு வரேல்ல. இதை வகுப்பில சொன்னன், சேர் "54ம் பிரிவு இருக்கிறது அந்த அம்மாவுக்காகத்தான்" எண்டார். எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவன், தானே நல்லவன் எண்டு சாட்சியம் கொண்டுவந்தா மட்டும் அவன்ட கெட்ட நடத்தைக்கும் கதவு திறபடும் எண்டும் விளங்கப்படுத்தினார்.

குறையும் இருக்கு. நோட்ஸ் மங்கின போட்டோகொப்பி, சில பக்கம் வாசிக்கவே ஏலாது. இலங்கை வழக்குகளை விட மேகின் வழக்கு மாதிரி லண்டன் பிரிவி கவுன்சில் மேன்முறையீட்டு மன்றம் தீர்த்த பழைய வழக்குகளுக்குத்தான் கூட நேரம் போகுது, அதை அவர் மாத்தோணும். ஆனா ஒண்டு நல்லாச் சொல்லித் தந்தார், இங்கிலாந்தில 2003ம் ஆண்டுக் கிரிமினல் ஜஸ்டிஸ் சட்டத்தோட இந்தப் பகுதி தலைகீழா மாறிட்டுது, அதால நெட்ல வாற யூகே நோட்ஸை அப்பிடியே எழுதினா பிழைக்கும்.

சேருறதெண்டா 14ம் பிரிவு துவங்க முதல் சேருங்கோ, சட்டப் புத்தகத்தைக் கட்டாயம் கொண்டு போங்கோ, உதாரணங்களை ஆளாளுக்கு எழும்பி வாசிக்க வைப்பார்.