காருக்கு அடியில் துரு: சில வருடம் ஓட்டிய பிறகு

வாங்கின நாளிலிருந்து இந்தக் காரை நான்தான் ஓட்டுகிறேன். சர்வீஸுக்கு விட்டால், லிஃப்டில் ஏற்றியதும் டார்ச்சோடு அடியில் போய் நின்றுவிடுவேன். மெக்கானிக்குகளுக்கு இது பழகிப்போச்சு.

முதல் வருடத்திலேயே பிரேக் டிஸ்க், ஹப், சைலன்சர் பைப், சஸ்பென்ஷன் போல்ட் எல்லாம் பழுப்பேறிவிட்டன. இன்றும் அப்படியேதான் இருக்கின்றன, ஒன்றும் ஆகவில்லை. டிஸ்க் வார்ப்பிரும்பு, பிரேக் பேட் உரசும் இடத்தில் பெயின்ட் நிற்காது. கழுவி நிறுத்தினால் மறுநாள் ஆரஞ்சு நிறம். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். எலெக்ட்ரிக் காரில் மட்டும் கொஞ்சம் நீடிக்கும். அங்கே பெரும்பாலும் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேடுக்கு வேலை குறைவு. சைலன்சரும் சஸ்பென்ஷன் பாகங்களும் பாடித் தகட்டைவிடத் தடிமனான உலோகம், மேலாகப் படியும் துரு அவற்றைத் தின்று தீர்க்கப் பல வருடம் வேண்டும்.

பாடி விஷயம் வேறு. அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இப்போதைய கார்களில் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய தகடுதான், அதன்மேல் பாடி முழுவதையும் பிரைமர் தொட்டியில் முக்கி மின்சாரம் செலுத்திப் படியவைக்கிறார்கள். கல் பட்டுப் பெயின்ட் தெறித்தாலும் துத்தநாகம் முதலில் தன்னை அரித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். என் பானட்டில் அப்படிச் சில புள்ளிகள் உண்டு. டச்சப் பெயின்ட் வைத்தேன், பரவவில்லை.

நான் உண்மையில் தேடுவது பெயின்ட் கொப்புளத்தை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் பெயின்ட் உப்புகிறது. மேலே சின்னதாகத் தெரிந்தால் உள்ளே வேலை எப்போதோ தொடங்கியாச்சு. கதவின் கீழ் விளிம்பு, வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) மடிப்பு, வெல்டிங் இணைப்பு, இந்த மூன்று இடமும் முக்கியம். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். சேறு அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டால் போதும், செலவே இல்லை. பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய் செதில் செதிலாக உரிந்தால் மட்டும் யோசிக்கவே கூடாது, உடனே மாற்ற வேண்டும்.

வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்து பயந்தவர்களும் உண்டு. அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத் தூள். கிளே பார் (பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி) தேய்த்தால் வந்துவிடும்.

அண்டர்கோட்டிங், அதாவது காருக்கு அடியில் அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு, தேவையா? கடலோரத்திலோ, பனிக்காகச் சாலையில் உப்பு தூவும் ஊரிலோ ஓட்டினால் சரி. அங்கேயும் ரப்பர் மாதிரிக் கெட்டியாகும் பூச்சைவிட மெழுகு வகையைத்தான் சொல்வேன். ரப்பர் விரிசல் விட்டால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. மற்ற இடங்களில் அடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதே எனக்குப் போதுமாக இருக்கிறது.

துரு வாரண்டியை நம்பியிருப்பவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். நீண்ட வருடக் கணக்கு பெரும்பாலும் தகடு உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுந்தால் மட்டும்தான். மேல்துருவும் கல் பட்ட இடமும் அதில் சேராது.