மச்சுப் பலகை மேல் டைல்ஸ்: கலவையா, ஒட்டும் கம்மா, பலகையே போதுமா?

மதுரையில் மாசி வீதிகளுக்கு உள்ளே பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்கு, கீழ்த்தள வேலை முடிந்து மச்சுக்கு ஏறும்போது இந்தக் கேள்வி வரும். கீழே மண் தரை, எதைப் பதித்தாலும் தாங்கும். மேலே தேக்குக் கட்டையும் அதன்மேல் பலகையும்தான். அங்கேயும் டைல்ஸ் ஒட்டுமா?

பல கொத்தனார்கள் கைப்பழக்கத்தில் சொல்வது, பாலித்தீன் விரித்து இரண்டு அங்குலம் மணல்-சிமெண்ட் கலவை போட்டுப் பதிப்பது. செலவு குறைவு, மேடுபள்ளமும் மறைந்துவிடும். ஆனால் பாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அங்குலக் கலவை சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இரண்டு அங்குலம் என்றால் 1,200 கிலோ. டைல்ஸ் 200 கிலோவுக்கு மேல் வரும். கட்டில், பீரோ, மனிதர் ஏறுமுன்பே கட்டைகள் சுமார் 1.4 டன் சுமக்கின்றன. சுவருக்குள் புதைந்த கட்டை முனையைக் கரையான் அரித்திருந்தால் வெளியே தெரியவும் தெரியாது. அதோடு, ஐப்பசி மழையில் உப்பி, சித்திரை வெயிலில் சுருங்குவது மரத்தின் குணம். கலவைக்கு அந்த அசைவு கிடையாது. முதலில் டைல்ஸ் இடுக்கில் அடைத்த கிரவுட் வெடிக்கும், பிறகு தட்டினால் பொக்கென்று சத்தம் வரும். பாலித்தீன் கிழிந்த இடத்தில் ஈரம் பலகையில் இறங்கிவிடும். இந்த முறையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அடுத்தது உலர்முறை. பலகைகள் தனித்தனியாக அசைவதால், 12 மி.மீ. நீர்தாங்கும் பிளைவுட்டை அவற்றின்மேல் நெருக்கமாக ஸ்க்ரூ போட்டு இறுக்கி, மேலே சிமெண்ட் போர்டு வைத்து, நெளியும் தன்மையுள்ள கம்மில் டைல்ஸ் ஒட்ட வேண்டும். வாங்கும்போது மூட்டையில் நெளியும் கம் என்று காட்டும் எஸ்1 (S1) குறி இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண கம் இங்கே நிற்காது. சுவரோரம் 6 மி.மீ. இடைவெளி விட்டு, சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டையால் மூடுங்கள். எல்லாம் சேர்த்து அரை டன்னுக்குள் அடங்கும். பொருளுக்குச் செலவு கூடுதல்தான், மச்சு பிழைக்கும். ஆத்தங்குடி கல் ஆசை இருந்தால் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது கனம், பதிக்கக் கலவையும் கேட்கும்.

எந்த டைல்ஸானாலும் ஆசாரியை வைத்துக் கட்டையைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். கட்டை நீளத்தில் 360-ல் ஒரு பங்குக்கு மேல் தாழக்கூடாது என்பது டைல்ஸ் தரைக்குப் பொதுவான அளவுகோல். 12 அடிக் கட்டைக்கு அது 10 மி.மீ. அறை நடுவில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துப் பக்கத்தில் ஓங்கி மிதித்து நடங்கள். தண்ணீர் தளும்பிக் கொட்டினால், குறுக்குக் கட்டை கொடுத்து இறுக்காமல் டைல்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மூன்றாவது, பலகையையே இழைத்து, இடுக்குகளை அடைத்து, பாலிஷ் போடுவது. படுக்கையறைக்கு என் ஓட்டு இதற்குத்தான். நல்ல தேக்கை டைல்ஸுக்கு அடியில் புதைப்பது எனக்கு மனம் வராத காரியம். பலகை கெட்டுப்போயிருந்தால் மாற்றிவிட்டு மேலே வினைல் பலகை விரிக்கலாம், பாரம் மிகக் குறைவு.

மச்சில் குளியலறை கேட்கிறவர்கள் மட்டும் இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். அந்தப் பகுதிக்குப் பலகையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட வேண்டும். அதைத் தாங்கச் சுவருக்கு வலு இருக்கிறதா என்று பொறியாளரிடம் காட்டிக் கேட்டபிறகு கை வையுங்கள்.